சைபர் பாதுகாப்பில் சமூக அறிவியலுக்கு என்ன வேலை?

கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றதும் ஆன்டி-வைரஸ், ஃபயர்வால், பாஸ்வேர்டு ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பலருடைய பணத்தைப் பறித்த ஒரு மோசடியில் வைரஸும் இல்லை, பாஸ்வேர்டு உடைப்பும் இல்லை. மின் கட்டணம் செலுத்தப்படவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அழைத்தவர்களை ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். நம் செல்போன் ஸ்கிரீனை எதிர்முனையில் அப்படியே காட்டும் ஆப் அது. பிறகு, "சும்மா பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள்" என்பார்கள். நாம் தட்டும் கார்டு விவரம், நமக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

அந்த எஸ்.எம்.எஸ்.-ல் ஒரு வேடிக்கை உண்டு. "போன மாத பில்" பாக்கி என்று அதில் இருந்தது. அப்போது இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. மற்ற மாநிலங்களில் சுற்றிய அதே வாசகம்தான் இங்கும் வந்தது. இருந்தும் நம்மவர்கள் நம்பினார்கள். ஏன்? இரவில் இ.பி. ஆபீஸ் பூட்டியிருக்கும், போய் விசாரிக்க முடியாது. வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருப்பார்கள். லைன்மேன் வந்து ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போன அனுபவம் எங்கள் வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனங்களில் பலருக்கு உண்டு. அந்தப் பயம் இருக்கும்போது போன மாதமா, அதற்கு முந்தைய மாதமா என்று யார் பார்ப்பார்கள்?

எனக்கு பி.இ.யில் நெட்வொர்க் செக்யூரிட்டி பாடம் இருந்தது. ஆர்.எஸ்.ஏ. கணக்கைப் பரீட்சையில் பக்கம் பக்கமாகப் போட்டோம். ஃப்யூஸ் கேரியருக்குப் பயப்படும் மனிதர் மட்டும் அந்தப் புத்தகத்தில் எங்கும் வரவில்லை. அவரைப் பற்றிச் சொல்வது உளவியலும் சமூகவியலும் மானிடவியலும்தான்.

மனிதரைச் சோதித்த ஆராய்ச்சி

இந்தத் துறைக்கு 1999 முக்கியமான ஆண்டு. அமெரிக்காவில் ஆல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஈமெயிலை ரகசியமாக்கும் பி.ஜி.பி. சாஃப்ட்வேரை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிட நேரம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்தார்கள். 3 பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். சாஃப்ட்வேரின் கணிதத்தில் குறையே இல்லை! அதே ஆண்டில் ஆன் ஆடம்ஸ், ஆஞ்செலா சாஸ் இருவரும், பயன்படுத்துபவரை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்று எழுதினார்கள். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றச் சொன்னால் ராஜா1 என்பதை ராஜா2 ஆக்குவதுதான் மனித இயல்பு. அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு இதை ஏற்றுக்கொண்டு, கட்டாய மாற்றம் வேண்டாம் என்று சொல்ல 2017 ஆகிவிட்டது.

நம் வீட்டுக் கதை வேறு

வெளிநாட்டு ஆராய்ச்சி, செல்போன் என்றால் ஒருவருக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் அப்படியா? 2018-ல் நித்யா சம்பாசிவனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பெண்களிடம் பேசினார்கள். கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் எடுக்கும் போன் அது. முழு போனையும் பூட்டினால் "அப்படி என்ன ரகசியம்?" என்ற கேள்வி வரும். அதனால் பலர் ஆப்-லாக் போட்டுக்கொண்டார்கள், அல்லது குறிப்பிட்ட ஒரு மெசேஜை மட்டும் அழித்தார்கள். போனைக் கேட்டால் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடலாம். "போனுக்கு லாக் போடுங்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்ற அவர்கள் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று எந்த மேனுவலிலும் இல்லை.

இன்னொன்றைப் பாருங்கள். "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்கிறோம். ஆனால் காஸ் சிலிண்டர் வந்தால் டெலிவரி கோடு சொல்ல வேண்டும். டாக்ஸியில் ஏறினால் நாலு இலக்க எண் சொல்ல வேண்டும். பார்சல் வந்தால் அதற்கும் ஒரு எண். தினமும் எண் சொல்லிப் பழகிய அம்மா, பேங்க் எண்ணை மட்டும் எப்படிப் பிரித்தறிவார்? எஸ்.எம்.எஸ்.-ம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ரிசர்வ் வங்கியோ 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில், ரகசிய எண்ணைப் பகிர்வதை வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றது. புகார் தரும்வரை ஏற்படும் நஷ்டம் முழுவதும் அவர் தலையில். எது கவனக்குறைவு, எது பழக்கம் என்பது என் பார்வையில் ஒரு சமூகவியல் கேள்வி. விடை தவறினால் போவது ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

மனிதரிலிருந்து தொடங்கினால்

எங்கள் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் பண்டிகைக் கூட்டத்தில் கடைக்காரர் கண் துணி மேல் இருக்கும். பணம் அனுப்பியதாகப் பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் உற்றுப் பார்க்க நேரமில்லை. வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், அவருடைய காதுக்கு வேலை கொடுத்தது. எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்படவில்லை. அதேபோல, "பணம் பெற பின் நம்பர் தேவையில்லை" என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்தும் யு.பி.ஐ. கலெக்ட் மோசடி ஓயவில்லை. கடைசியில், தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் கலெக்ட் கோரிக்கையையே 2025 அக்டோபர் 1 முதல் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. முன்பே செய்திருக்கலாம்.

இன்ஜினியரிங் மாணவர்களை ஒரு செமஸ்டரில் பத்து நாள் கடைத்தெருவில் உட்காரவைத்து, போன் எத்தனை கை மாறுகிறது என்று எழுதச் சொல்லலாம். ஆர்.எஸ்.ஏ. கணக்கில் இரண்டைக் குறைத்தால் நேரம் கிடைக்கும்!

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பணம் இழந்தவர்கள் திட்டுக்குப் பயந்து வீட்டில் மறைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். எனவே, ஏமாந்தால் யாரும் திட்டமாட்டோம், உடனே சொல்லுங்கள் என்று இன்றே வீட்டில் பேசி வையுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை, சமையலறைக் காலண்டரில் காஸ் ஏஜென்சி நம்பருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.