கருவி மலிவு, அளவு பொய்யல்ல

திருவனந்தபுரத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் இருவர் சந்தித்தாலும், பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் இந்த ஒரே பேச்சு காதில் விழுகிறது: “நானோவிஎன்ஏ விளையாட்டுச் சாமான் சார். அது காட்டுற ரிட்டர்ன் லாஸை நம்ப முடியாது.” கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நம்பிக்கை: மலிவான கருவி, ஆகவே தப்பான அளவு.

உண்மை: தப்பு பெரும்பாலும் கருவியில் இல்லை, கேலிபரேஷனில் இருக்கிறது. எந்த விஎன்ஏ (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) ஆனாலும் பிரதிபலிப்பை அளக்கும்போது மூன்று பிழைகள் கலக்கும்: போகும் அலை கசிந்து திரும்பும் அலையோடு சேர்வது, போர்ட் சரியாக 50 ஓம் இல்லாதது, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் உணர்திறன் மாறுவது. ஓபன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டி அளந்தால் மூன்று பிழைகளையும் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

அந்தக் கணக்கு லோடை முழுதாக நம்புகிறது. உங்கள் லோடின் ரிட்டர்ன் லாஸ் 30 டெசிபல்தான் என்றால், உண்மையில் 20 டெசிபல் உள்ள ஆன்டெனா 17.6 முதல் 23.3 வரை எங்கு வேண்டுமானாலும் தெரியும். அதே லோடை விலையுயர்ந்த கருவியில் மாட்டினாலும் அதே தடுமாற்றம்தான். பிறகு கருவியை ஏன் திட்டுகிறீர்கள்? நல்ல லோடு ஒன்று வாங்குங்கள்.

அடுத்தது, கேலிபரேஷன் செய்யும் இடம். ஒரு மாணவர் கருவி பழுது என்று கொண்டுவந்தார். கருவியின் வாயிலேயே கேலிபரேஷனை முடித்துவிட்டு, அதன் பிறகு ஒரு மீட்டர் இணைப்புக் கேபிளையும் இரண்டு அடாப்டர்களையும் சேர்த்திருந்தார். அளந்தது ஆன்டெனாவை மட்டுமல்ல, கேபிளையும் அடாப்டர்களையும் சேர்த்துத்தான். அடாப்டர்களைக் கழற்றி, இணைப்புக் கேபிளின் நுனியில் மறுபடி கேலிபரேஷன் செய்ததும் அளவு நிலைத்தது. அளக்க வேண்டிய பொருள் எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் ஓபன், ஷார்ட், லோடை மாட்ட வேண்டும்.

பழைய நானோவிஎன்ஏவுக்கு எல்லை உண்டு. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது ஹார்மோனிக்ஸை வைத்து அளப்பதால் இரைச்சல் கூடும். நம் 144–146 மெகாஹெர்ட்ஸ் வேலைக்கு அது தடையே அல்ல.

நம்பிக்கை: நேற்றைய கேலிபரேஷன் இன்றைக்கும் போதும்.

உண்மை: அதிர்வெண் எல்லையை மாற்றினால் மறுபடி செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

நம்பிக்கை: கேபிளில் பழுது எத்தனையாவது மீட்டரில் என்று கருவியே காட்டிவிடும்.

உண்மை: 101 புள்ளிகளோடு 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினால் சாதாரண ஆர்ஜி-58 கேபிளில் சுமார் 11 மீட்டர்தான் எட்டும். அதற்கப்பால் உள்ள பழுது பொய்யான தூரத்தில் வந்து நிற்கும். 30 மீட்டர் கேபிளுக்கு 300 மெகாஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். அலைவேக விகிதம் 0.66 என்று பதியுங்கள்.

நம்பிக்கை: கீழே எஸ்டபிள்யூஆர் குறைவு, ஆகவே மேலே ஆன்டெனா நன்று.

உண்மை: 30 மீட்டர் ஆர்ஜி-58, 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் விழுங்கும். ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் போய்த் திரும்பும் அலை 12 டெசிபல் குறைந்து, எஸ்டபிள்யூஆர் 1.7 என்று காட்டும். கேபிள் கெடக் கெட இந்த எண் இன்னும் அழகாகும்!

இந்த ஊரில் கேபிளை அலட்சியம் செய்யவே கூடாது. கடற்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும். தென்மேற்குப் பருவமழையில் நாட்டிலேயே முதலில் நனையும் இடங்களில் நாம் இருக்கிறோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செல்பேசிகள் அடங்கியபோது கேரளத்தில் ஹாம் ரேடியோ கைகொடுத்தது. அப்படி ஒரு நாளில் கேபிள் தண்ணீர் குடித்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே ஆண்டுதோறும் மே மாதம், இடவப்பாதி எனும் அந்தப் பருவமழைக்கு முன், ஆன்டெனாவைக் கழற்றி மேல்முனையைத் திறந்துவைத்து ரிட்டர்ன் லாஸை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. போன மே மாதம் 12, இந்த மே மாதம் 16 என்றால், கேபிள் இன்னும் 2 டெசிபலைத் தின்கிறது. மழை வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.