குழந்தைகளுடன் அயல்நாட்டுப் பயணம்: கால அட்டவணை போடுவது எப்படி?

நம் முன்னோரில் அண்ணன் மலேயாவுக்கும் தம்பி மூணாறு மலைக்குமாகத் தோட்ட வேலைக்குப் பிரிந்து போன குடும்பங்கள் பல. ஆகவே பள்ளிவாசல் பகுதித் தமிழர்களுக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் வெறும் சுற்றுலா நாடுகள் அல்ல, உறவினர் வாழும் நாடுகள். இப்போது நம் பிள்ளைகள் நாலு காசு சம்பாதித்து, கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரே விடுமுறையில் பல நாடுகளைப் பார்த்துவர விரும்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் சிறு குழந்தைகளோடு செல்வதற்குத் திட்டமிடும் முறையே வேறு. ஓர் உண்மைத் திட்டத்தை வைத்தே அதைப் பார்ப்போம்.

சென்ற ஆண்டு என் மருமகன் ஒரு பயண முகவரிடமிருந்து திட்டம் ஒன்றை வாங்கி வந்தார். ஒன்பது இரவுகள், நான்கு நாடுகள்: தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், திரும்பும் வழியில் இலங்கை. பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு இரண்டு நிறைய ஒரு மாதம். "மாமா, போறதே போறோம், நாலையும் பாத்துட்டு வந்துடலாமே" என்றார். இரண்டு வருடச் சேமிப்பு அது. பயணத்துக்கு முதல் காரணமே ஈப்போவில் இருக்கும் என் மனைவியின் அக்காவைப் பார்ப்பதுதான். எண்பது வயதைக் கடந்தவர், இனி விமானம் ஏறி இங்கு வர இயலாதவர். முகவரின் திட்டத்தில் அந்தப் பெரியம்மாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல்!

ரயில்வேயில் ஒரு வண்டிக்கு அட்டவணை போடும்போது, அது ஓடக்கூடிய வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதில்லை. வழியில் எங்காவது பாலத்தில் வேலை நடக்கும், தண்டவாளம் மாற்றுவார்கள், 'காஷன் ஆர்டர்' கொடுத்து மெதுவாக ஓட்டச் சொல்வோம். அதற்கென்றே சில நிமிடங்களைக் கூட்டி வைப்பார்கள். 'ரிகவரி டைம்' என்று அதற்குப் பெயர். வண்டி சும்மா நிற்கிறதே என்று பயணிகள் திட்டுவார்கள். அந்த நிமிடங்கள் இல்லாவிட்டால் வண்டி ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

முகவரின் தாளில் இந்த உபரி நேரம் ஒரு மணி கூட இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அடுத்த மூன்று ஊர்களின் முன்பதிவும் கவிழ்ந்துவிடும்.

எனவே நாடுகளை எண்ணாதீர்கள். படுக்கை மாறும் தடவைகளை எண்ணுங்கள். அந்தத் திட்டத்தில் ஏழு தடவை. ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்னும், எல்லை கடந்தால் முழு நாள். விடுதிகளில் காலை 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரம்தான் சிறு குழந்தை பகலில் தூங்கும் நேரம். படுக்கை இருக்காது, அழுகை இருக்கும். ஊர் மாறும் நாட்களில் அந்த இடைவெளியில் ரயிலில் இருக்கும்படி டிக்கெட் எடுத்தால், குழந்தை மடியிலேயே தூங்கிவிடும்.

நான் மாற்றிப் போட்ட அட்டவணை இது. கொச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர், அங்கே 3 இரவுகள். பிறகு கோலாலம்பூரில் 2, ஈப்போவில் 4, திரும்பவும் கோலாலம்பூரில் 2, அங்கிருந்து கொச்சி. இரவுகள் 11, நாடுகள் இரண்டு. போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்று டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பும் செலவும் அலைச்சலும் மிச்சம். கோலாலம்பூரில் இரு முறையும் ஒரே விடுதி; பெரிய பெட்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு ஒரு பையோடு ஈப்போ போகலாம். தாய்லாந்தையும் இலங்கையையும் அடித்துவிட்டேன். மருமகனுக்கு முகம் சுருங்கியது. "பையன் பள்ளிக்கூடம் போகட்டும் மாப்பிள்ளை, பாடாங் பெசார் நிலையம் வழியாக ரயிலிலேயே தாய்லாந்து போகலாம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே நிலையத்தில் முடியும்" என்று சமாதானம் சொன்னேன்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மின்ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அந்த வண்டி மீட்டர் கேஜ் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. நம் மீட்டர் கேஜ் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை நம்பவே சற்று நேரம் பிடிக்கும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயங்களில் இடம் கிடைக்காது. முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே பத்தரைக்குத்தான் தூக்கம் வரும், காலையில் தாமதமாகத்தான் எழும். அடித்து எழுப்பி ஏழு மணி பஸ்ஸில் ஏற்றாதீர்கள். காலையில் ஓர் இடம், பகலில் அறை, மாலையில் பூங்கா; ஒரு நாளைக்கு அது போதும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மலையாளப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி விமான நிலையத்துப் பலகையில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்ததையே பெரிய காட்சியாக இன்றும் சொல்கிறாள். கோலாலம்பூரில் பத்துமலைக்கு நகர ரயிலிலேயே போகலாம். 272 படிகள், ஆகவே வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும்; அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி தாள்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளே செல்லும்; பயணத்தின்போது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா பெற வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்க்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. அவ்விலக்கு கெடு வைத்து நீட்டிக்கப்படுவதால், டிக்கெட் எடுக்குமுன் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வந்திறங்குமுன் மூன்று நாட்களுக்குள் இரு நாடுகளுக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் பக்கம் அரசுடையது அல்ல.

நம் பெயர் வைக்கும் முறையால் ஒரு சிக்கல் உண்டு. குழந்தையின் பெயரோடு தகப்பன் பெயர், தாயின் பெயரோடு அவள் தகப்பன் பெயர். தாய் மட்டும் குழந்தையோடு சென்றால் இருவரும் யார் என்று அதிகாரி கேட்கலாம். பிறப்புச் சான்றிதழின் நகலும், வராத பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளக் குறைந்த கட்டணம். ஆனால் பயணத்துக்கு நடுவே இரண்டு நிறைந்துவிட்டால், திரும்பும் விமானத்தில் தனி இருக்கையும் அதற்கான கட்டணமும் உண்டு. பேரனுக்கு அப்படித்தான் நேர இருந்தது. புறப்படும் தேதியை இரண்டு வாரம் முன்னே தள்ளினோம்.

ஊறுகாய், பொடி கட்டும் தாய்மார்கள் கவனிக்க: கசகசா சிங்கப்பூருக்குள் கொண்டு போகத் தடைசெய்யப்பட்ட பொருள். அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் தொல்லைதான். இருமல் மருந்து, தூக்க மருந்து எதுவானாலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுத்துச் செல்லாதீர்கள். காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்ப எழுதி வாங்குங்கள். உப்புக் கரைசல் பொட்டலங்களும் நாலைந்து இருக்கட்டும். விமானம் இறங்கும்போது குழந்தைக்குப் பாலோ தண்ணீரோ கொடுத்தால் காது வலி குறையும்.

கடைசியாக நம் மலைப்பாதை. பள்ளிவாசலிலிருந்து நெடும்பாசேரி நூறு கிலோமீட்டருக்கு மேல். அடிமாலி, நேரியமங்கலம் வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுக்காமல் வருவது அபூர்வம். அதிகாலை விமானமானால் முதல் நாள் பகலிலேயே இறங்கி ஆலுவாவில் தங்குங்கள். திரும்பும்போது இரவில் வந்து இறங்கினால் அன்றே மலை ஏற வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும் முன் இரண்டு நாளாவது வீட்டில் இருக்கும்படி தேதி பாருங்கள். துணி துவைக்கவும், பிள்ளைகளின் தூக்கம் பழைய நேரத்துக்குத் திரும்பவும் அது வேண்டும்.