வீட்டில் ஒரு சீட்டாட்டம், வயலுக்கு ஒரு பாடம்

சீட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது காசு வைத்து ஆடும் ஆட்டமன்று. மாலை வேளையில் பிள்ளைகளோடு அமர்ந்து ஆடிக்கொண்டே, நெல்லைத் தாக்கும் புகையானைப் பற்றி அறிந்துகொள்ளும் ஆட்டம்.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் ‘ஊனோ’ என்ற குடும்பச் சீட்டாட்டத்தை உருவாக்கினார். அதில் எண் சீட்டுகளுடன், அடுத்தவரின் முறையைத் தடுக்கும் சீட்டு, இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் சீட்டு போன்ற செயல் சீட்டுகளும் உண்டு. அதே முறையில் நம் பயிர்களை வைத்து ஆடலாம்.

சீட்டுகள்

பழைய அட்டைப் பெட்டியை 48 துண்டுகளாக வெட்டுங்கள். நெல், வாழை, கரும்பு, தென்னை ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை எழுதினால் 32 எண் சீட்டுகள். மீதி 16 செயல் சீட்டுகள்: நீர் முறை 3, பயிர்ச் சுழற்சி 3, புகையான் 4, சிலந்தி 4, மருந்து 2.

ஆடும் முறை

நான்கு பேருக்கும் ஐந்து சீட்டு கொடுத்து, மீதிக் கட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஓர் எண் சீட்டைத் திறந்து வையுங்கள். அதே பயிரோ அதே எண்ணோ இருந்தால் இறக்கலாம். இல்லையேல் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். கட்டு தீர்ந்தால் இறக்கிய சீட்டுகளைக் கலைத்து வையுங்கள். கைச்சீட்டை முதலில் தீர்ப்பவர் வென்றவர்.

செயல் சீட்டுகள்

நீர் முறை: எப்போதும் இறக்கலாம். அடுத்தவர் தம் முறையை இழப்பார்.

பயிர்ச் சுழற்சி: எப்போதும் இறக்கலாம். இறக்கியவர் சொல்லும் பயிரே அடுத்து ஓடும்.

மற்ற மூன்றையும் நெல் ஓடும்போது மட்டுமே இறக்கலாம்.

புகையான்: அடுத்தவர் இரண்டு சீட்டு எடுத்து, முறையையும் இழப்பார்.

சிலந்தி: புகையான் வந்தவர் இதை இறக்கித் தப்பலாம்.

மருந்து: இதனாலும் தப்பலாம். ஆனால், எல்லோர் கையிலும் உள்ள சிலந்திச் சீட்டுகளை ஆட்டத்தை விட்டே விலக்கி, ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு சீட்டு எடுக்க வேண்டும்.

இரண்டு மருந்தும் விழுந்த பின் ஆடிப் பாருங்கள். புகையான் மீண்டும் கட்டில் வரும். தடுக்கச் சிலந்தி குறைந்திருக்கலாம்.

வயலில் நடப்பது

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அங்கும் இதே கதைதான். புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தேவையின்றி மருந்தடித்தால் சிலந்திகள் மடியும். முட்டைகள் தப்பிப் பொரிக்கும். பூச்சி முன்னிலும் பெருகும். இக்காரணத்தால்தான் 1986இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிரில் தடை செய்தது.

எனவே, தெளிப்பானைத் தூக்குமுன் தூரின் அடிப்பகுதியை விலக்கி எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்குள் ஒரு கிளைப்புக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி உள்ள வயலில் கிளைப்புக்கு இரண்டு புகையான் என்ற அளவை எட்டிய பின்னரே மருந்து தேவை. தழைச்சத்தை அளவோடு இடுங்கள். நீரை அவ்வப்போது வடித்துக் கட்டுங்கள்.

மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். அதைக் கடைசியாக இறக்குபவரே கெட்டிக்கார உழவர்.