அதிபரிடம் கேட்கும் உரிமை



நாட்டின் தலைமைப் பதவியில் இருப்பவர் தம் அலுவலக அறையில் என்ன பேசினார் என்பதை அறிய மக்களுக்கு உரிமை உண்டா, உண்டெனில் அதை யார் வழியாக அவர்கள் செலுத்த இயலும் என்னும் வினா, அமெரிக்காவில் 1972 முதல் 1974 வரை நீடித்த வாட்டர்கேட் விவகாரத்தில் சோதிக்கப்பட்டது போல் வேறெங்கும் கடுமையாகச் சோதிக்கப்பட்டதில்லை எனலாம். அவ்விவகாரம் பெரும்பாலும் இரு செய்தியாளர்களின் துணிவைப் பற்றிய வரலாறாகவே சொல்லப்படுகிறது. செய்தித்தாள்களின் பங்கு பெரிதே. ஆயினும் ஒருவரைச் சட்டத்தின் பெயரால் அழைத்து, உறுதிமொழி ஏற்கச் செய்து, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்னும் நிலையில் நிறுத்தி விடை பெறும் ஆற்றல் செய்தியாளரிடம் இல்லை. அவ்வாற்றல் நீதிமன்றத்திடமும் நாடாளுமன்றத்திடமும் உள்ளது.

இந்தியாவில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவே இருந்து கேள்வி நேரத்தில் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். அமெரிக்க அதிபரோ, காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளான செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய எதிலும் உறுப்பினர் அல்லர். ஆகவே அங்கு அதிபரின் ஆட்சியைக் கண்காணிக்கும் பணி அவைகளின் குழுக்கள் மேல் விழுகிறது. அரசமைப்புச் சட்டத்தில் இவ்விசாரணை அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. வழக்கத்தால் வளர்ந்தது அது. 1791இல் ஜெனரல் செயின்ட் கிளேரின் படை பழங்குடியினரின் கூட்டுப்படையிடம் படுதோல்வி அடைந்தபோது, அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபை குழு அமைத்து ஆவணங்களைக் கேட்க, அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அமைச்சர்களுடன் கலந்து பேசி அவற்றை அளித்தார். விசாரணை அதிகாரம் சட்டம் இயற்றும் பணிக்கு இன்றியமையாத துணை என்று உச்ச நீதிமன்றம் 1927இல் உறுதி செய்தது.

1972 ஜூன் 17 அன்று, வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத் தொகுதியில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் அத்துமீறி நுழைந்த ஐவர் பிடிபட்டனர். அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் தேர்தல் குழுவோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு சிறிது சிறிதாக வெளிப்பட, 1973 பிப்ரவரியில் செனட் அவை ஓர் எதிர்வாக்கும் இன்றி, 77 வாக்குகளால், ஏழு உறுப்பினர் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. ஜனநாயகக் கட்சியின் சாம் எர்வின் அதன் தலைவர்; அதிபரின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் ஹோவர்ட் பேக்கர் துணைத் தலைவர். மே 17 முதல் விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. பகலில் நேரடியாக ஒளிபரப்பானதைப் பொதுத் தொலைக்காட்சி இரவில் முழுமையாக மீண்டும் காட்டியதால், வேலை முடித்து வீடு திரும்பியவரும் தம் அரசைப் பற்றிய சாட்சியத்தை, இடையில் எவரும் சுருக்காமலும் திரிக்காமலும் கேட்க முடிந்தது. அறியும் உரிமையின் உயிர்நிலை இதுவே. விசாரணையின் முடிவை மட்டும் அறிவிப்பது இதற்கு ஈடாகாது.

ஜூலை 16 அன்று முன்னாள் வெள்ளை மாளிகை அலுவலர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட், அதிபரின் அறையில் நிகழும் பேச்சுகளைத் தாமாகவே பதிவு செய்யும் கருவிகள் உண்டு என்று சாட்சியம் அளித்தார். மூன்று நாள் முன்னர் தனி விசாரணையில் அவ்வுண்மையை வெளிக்கொணர்ந்த வினாவைத் தொடுத்தவர் குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் தரப்பில் பணியாற்றிய வழக்கறிஞர் என்பது மறக்கத் தகாதது. தம் கட்சித் தலைவருக்கு இடையூறாகும் வினாவைக் கேட்கத் துணிபவர் இல்லாத நாடாளுமன்றத்தில் கண்காணிப்பு வெறும் கட்சிப் பூசலாகவே முடியும்.

அவ்வாறு பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு செனட் குழு ஆணை அனுப்ப, நிக்சன் மறுத்தார். அவர் காட்டிய காரணம் நிர்வாகச் சிறப்புரிமை. அதாவது, ஆலோசகர்கள் அச்சமின்றி மனம் திறந்து பேச வேண்டுமாயின் அதிபருடன் அவர்கள் நடத்தும் உரையாடல்கள் மறைவாக இருக்க வேண்டும் என்னும் வாதம். இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குதல் தகாது. போர், அயலுறவு போன்றவற்றில் அதற்கு நியாயம் உண்டு. செனட் குழு நீதிமன்றத்தை நாடியும் தோற்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில், அச்சிறப்புரிமை உண்டு, ஆனால் அது வரம்பற்றதன்று எனக் கூறி ஒலிநாடாக்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டபோதும், வென்றது செனட் குழு அன்று; இவ்விவகாரம் தொடர்பான குற்ற வழக்கை நடத்திய சிறப்பு அரசு வழக்கறிஞரே. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சனால் நியமிக்கப்பட்டவர்.

அவ்வாறாயின் நாடாளுமன்றத்தின் உரிமைக்கு என்ன மதிப்பு என்னும் ஐயம் எழுவது இயல்பு. அதற்கு விடை தந்தது பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு. அதிபரைப் பதவிநீக்கக் குற்றம் சாட்டும் அதிகாரம் அச்சபைக்கு உரியது. அந்நோக்கில் குழு ஒலிநாடாக்களைத் தருமாறு கேட்க, நிக்சன் 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட திருத்திய எழுத்துப்படிகளையே வெளியிட்டார். எதை அறியலாம் என்று விசாரிக்கப்படுபவரே முடிவு செய்ததை ஏற்காத குழு, ஜூலை இறுதியில் மூன்று குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. முதலாவது நீதிக்கு இடையூறு. இரண்டாவது அதிகார முறைகேடு. மூன்றாவது குழுவின் ஆணைகளுக்குப் பணியாமை. முதல் இரண்டும் எளிதில் தேறின. மூன்றாவது 21க்கு 17 என்னும் சிறு வேறுபாட்டிலேயே தேறியது. வரலாற்று நூல்கள் பலவும் அதை விரைந்து கடந்து செல்கின்றன. எனினும் மக்களின் அறியும் உரிமையை நேராகத் தொடுவது அம்மூன்றாவதே. மறைக்கப்பட்ட செயல் குற்றமா இல்லையா என்பது தெளிவாகும் முன்னரே, மக்களின் பிரதிநிதிகளுக்கு ஆவணம் தர மறுப்பது தனியே பதவிநீக்கத்துக்குரிய தவறு என அது அறிவித்தது. இதை ஏற்காவிடில், நன்றாக மறைப்பவர் எவரும் குற்றமற்றவராகவே விளங்குவார்.

ஆகஸ்ட் 5 அன்று வெளியான ஒலிநாடா, கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் விசாரணையைத் தடுக்க மத்திய உளவு நிறுவனத்தைப் பயன்படுத்தும் திட்டத்துக்கு, அத்துமீறல் நிகழ்ந்து ஆறே நாளில் நிக்சன் இசைந்ததைக் காட்டியது. ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார்.

அதன் பின்னர் வந்த சட்டங்களே இவ்விவகாரத்தின் நிலைத்த பயன். 1966இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டத்தை வலுப்படுத்தும் திருத்தத்தை நிக்சனுக்குப் பின் வந்த அதிபர் ஃபோர்டு தடுத்தும், 1974 நவம்பரில் காங்கிரஸ் அத்தடையை மீறி நிறைவேற்றியது. 1978ஆம் ஆண்டின் அதிபர் ஆவணச் சட்டம், அதுவரை அதிபரின் சொந்த உடைமையாகக் கருதப்பட்ட அலுவல் ஆவணங்களை மக்களின் உடைமையாக்கியது. பதவிக் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப்பின் எவரும் அவற்றைக் கேட்கலாம். சில வகை ஆவணங்களை மட்டும் 12 ஆண்டுகள் வரை அதிபர் மூடி வைக்கலாம். அவ்வாறு மூடப்பட்ட காலத்திலும், தம் பணிக்குத் தேவையான, வேறெங்கும் கிடைக்காத தகவல் அவற்றில் இருக்குமாயின், சட்டப்படியான சிறப்புரிமைகளுக்கு உட்பட்டு, காங்கிரசின் குழுக்கள் அவற்றைக் கேட்டுப் பெறலாம் என அச்சட்டமே வழி வைத்துள்ளது.