கையெழுத்துக்கு முன் ஓர் இரவு

பெங்களூரில் வேலை போவது பெரும்பாலும் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் நடக்கிறது. காலண்டரில் திடீரென்று ஒரு மீட்டிங். உள்ளே மேனேஜரும் எச்.ஆர். ஆட்கள் இரண்டு பேரும். இருபது நிமிடப் பேச்சு. லேப்டாப்பை ஒப்படைத்து, ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவுட்டர் ரிங் ரோட்டில் வந்து நிற்கும்போது மணி பதினொன்றரை கூட ஆகியிருக்காது. அப்போது தலைக்குள் சுழல்பவற்றில் பாதி, நண்பர்கள் வாயிலும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டு நாம் உண்மை என்று ஏற்றுக்கொண்டவை. அவற்றில் பல, அவசரப்படு என்கின்றன. அல்லது மறைத்துவை என்கின்றன. இரண்டுமே கையிலிருப்பதையும் பறித்துவிடும்.

“ராஜினாமா கொடுத்துவிட்டால் கௌரவம், டெர்மினேஷன் என்றால் கறை.”

இதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் காசைக் கரைக்கும் நம்பிக்கை. ‘நீங்களாகவே பேப்பர் போட்டுவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்’ என்று கனிவாகத்தான் சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் ராஜினாமாவும் ஆட்குறைப்பும் ஒன்றல்ல. ஆட்குறைப்பு என்றால், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: மறுதிறன் நிதி வழியாக மேலும் 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரவேண்டும். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து இத்தனையையும் ஒரே வரியில் அழித்துவிடும். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை எதிர்த்து வழக்காடலாம்தான். ஆனால் மிரட்டலை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

கறை என்கிற பயமும் பெரும்பாலும் வீண். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் முதலில் பார்ப்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றை. ஆட்குறைப்பில் போனேன் என்று சொல்பவரை இன்று எந்த ரெக்ரூட்டரும் வியப்போடு பார்ப்பதில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, 12,000 பேருக்கு மேல், குறைப்பதாக அறிவித்தது. அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள். அத்தனை பேரும் வேலை தெரியாதவர்களா?

ஆகவே அந்த அறையில் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: “படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.” சலுகைத் தொகையோடு விலகச் சொன்னால், தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்பதில் தவறில்லை. பல நேரம் அது சட்டம் தருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அது எழுத்தில் வரட்டும், ஓர் இரவு உங்கள் மேஜையில் கிடக்கட்டும்.

“ஐடிக்காரருக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது.”

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. நிலையாணைகள் சட்டம் என்கிற 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு ஐடி நிறுவனங்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளித்து வந்தது. 2024இல் அதை இன்னும் ஐந்தாண்டு நீட்டித்தது. விலக்கு அந்த ஒரு சட்டத்திலிருந்து மட்டும்தான். மற்றச் சட்டங்களிலிருந்து யாரும் இவர்களை வெளியே தள்ளவில்லை.

அடுத்து வரும் வாதம், ‘நீங்கள் மேனேஜர் கிரேடு, தொழிலாளி இல்லை’ என்பது. விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றங்கள் இதைத் தீர்மானிப்பதில்லை. தினமும் நீங்கள் செய்த வேலை என்ன என்றுதான் கேட்கின்றன. சென்னையில் 2015இல் டிசிஎஸ் வேலையிலிருந்து நீக்கிய பொறியாளர் ஒருவர் ஏழாண்டு வழக்காடினார். அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்றது நிறுவனம். அவர் செய்தது தொழில்நுட்ப வேலை என்று கண்ட தொழிலாளர் நீதிமன்றம், பின்சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லி 2022இல் உத்தரவிட்டது. ஏழு ஆண்டு சின்னக் காலம் இல்லை. எல்லோராலும் முடியவும் முடியாது. ஆனால் நீதிமன்றம் வரை போகாமலே, பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் ஒரு புகார் கொடுக்கலாம். ஐடி ஊழியர் சங்கமான கேஐடியு 2017 முதல் இதே ஊரில் இயங்குகிறது. தனியாகப் போவதைவிட விஷயம் தெரிந்த ஒருவரோடு போவது எவ்வளவோ மேல்.

பாக்கிச் சம்பளத்துக்கு இன்னும் 45 நாள், 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் பழைய பழக்கம்தான். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கவேண்டும். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம்.

“பி.எஃப். பணத்தை உடனே எடுத்துவிடு, இல்லாவிட்டால் முடங்கிவிடும்.”

முடங்காது. புது வேலையில் சேராமல் கணக்கு சும்மா கிடந்தாலும் 58 வயது வரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மாறாக, ஐந்தாண்டு சேவை நிறையாமல் எடுத்தால் வருமான வரி பிடிக்கப்படலாம். முழுவதையும் எடுத்தால் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கும் அறுந்துபோகும்.

ஆனாலும், தேவைப்படுகிறவர் எடுக்கத்தான் வேண்டும். அந்த உரிமையைக் காத்துக் கொடுத்தவர்கள் யார் என்பதை இந்த ஊர் மறக்கக்கூடாது. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது. அடிக்கடி வேலை போகும் கார்மென்ட்ஸ் பெண்களுக்கு, இரண்டு வேலைக்கு நடுவே வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் அந்தப் பணத்திலிருந்துதான் வரும். ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் மிஷினை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள். எந்தப் பெரிய தலைவரும் அவர்களை அழைக்கவில்லை. ஊர் நின்றுபோனது. 19ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. இன்று ஏசி அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் பி.எஃப். கிளெய்ம் போடும் ஒவ்வொரு பொறியாளருக்கும் அந்தப் பெண்களிடம் ஒரு கடன் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

“வேலை போனால் இந்த நாட்டில் ஒரு பைசா உதவி கிடையாது.”

இஎஸ்ஐ பிடிக்கப்படுகிற, அதாவது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று 2005 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா: ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலை இழந்தவருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 24 மாதம் வரை உதவித்தொகை. மற்றது 2018இல் தொடங்கிய அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா: 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி, வாழ்நாளில் ஒருமுறை. இது அவ்வப்போது நீட்டிக்கப்படுவதால் கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் இதைக் கேள்விப்படாதவர்களே அதிகம்.

கம்பெனி மருத்துவக் காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி நாளோடு அது பெரும்பாலும் நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. வெளியே வருவதற்கு முன்பே கேளுங்கள். ஊரில் சர்க்கரை நோயோடு அப்பா இருந்தால் இது இழப்பீட்டுத் தொகையைவிட முக்கியம்.

“இனி நேரம் நிறைய இருக்கிறது, தினம் பத்து மணி நேரம் படிக்கலாம்.”

வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்கிற சிற்றூர் 1930 வாக்கில் தன் ஒரே ஆலையை இழந்தது. மரி யஹோடா என்ற இளம் பெண்ணும் அவருடைய இரண்டு தோழர்களும் அங்கே போய் ஆராய்ந்து, 1933இல் புத்தகமாக வெளியிட்டார்கள். வேலை இல்லாத ஊரில் நூலகம் நிரம்பி வழியும் என்றுதானே நினைப்போம்? இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் ஆண்களின் நடை மெதுவாகிப் போயிருந்தது. கையில் கடிகாரம் கட்டுவதையே பலர் விட்டிருந்தார்கள். சமையலும் துவைப்பதும் நிற்காததால் பெண்களின் நடையில் மட்டும் வேகம் குறையவில்லை.

அதனால், எச்எஸ்ஆர் லேஅவுட் பிஜி அறையில் மூன்றாவது வாரம் எதையும் திறந்து பார்க்க முடியாமல் படுத்துக் கிடக்கும் தம்பி, உன்னிடம் சோம்பல் இல்லை. நாளைத் தாங்கி நின்ற சட்டகம் உடைந்திருக்கிறது. காலை ஒன்பதரைக்கு அறையை விட்டு வெளியே போ. இரண்டு மணி நேரம் வேலை தேடு, இரண்டு மணி நேரம் படி; அதற்கு மேல் எதிர்பார்க்காதே. தூக்கமே வராவிட்டால், வாழவே பிடிக்காதது போலிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழை. அந்த நாடு தழுவிய சேவையின் தலைமை மையம் இதே ஓசூர் சாலை நிம்ஹான்ஸ்தான். தமிழில் பேசலாம்.

“நெருங்கியவர்கள்தான் வேலை வாங்கித் தருவார்கள்.”

அவர்கள் சோறு போடுவார்கள். வேலை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. லிங்க்ட்இன்னில் 2 கோடி பேரிடம் ஐந்தாண்டு நடத்திய சோதனை ஒன்று 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவை ஓரளவு மட்டுமே பழக்கமான தொடர்புகள். மிக நெருங்கிய தொடர்புகள் உதவியது குறைவு. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். மூன்று வருடம் முன்பு ஒரே பிராஜெக்டில் இருந்துவிட்டுப் போனவருக்குத் தெரிவது வேறு. அவருக்கு இன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள். முன்பணம் கட்டினால் ஆஃபர் லெட்டர் என்கிறவரிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.

“வேறு வேலை கிடைக்கும் வரை வீட்டில் சொல்லாதே.”

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் பாறைக்குள் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் வேலையற்றுப் போயின. யாருக்கு வேலை போனது என்று யாரும் மறைக்கவேண்டி இருக்கவில்லை. லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே துக்கம். பிறகு அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து இந்த ஊருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். இன்றும் வருகிறார்கள்.

தனி பிளாட்டில் வேலை இழப்பவருக்கு அந்தத் துணை இல்லை, அதனால்தான் மறைக்கத் தோன்றுகிறது. மறைத்தால் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டிவரும். ‘ஆபீஸ் எப்படி?’ என்ற கேள்விக்குப் பயந்து போனை எடுக்காமல் விடவேண்டிவரும். முதல் வாரமே கணக்கோடு சொல்லிவிடுவது மேல். இவ்வளவு போதும்: “அம்மா, வேலை போயிடுச்சு. அஞ்சு மாசத்துக்குப் பணம் இருக்கு. அதுல உங்களுக்கு அனுப்பறதும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கேன். சனிக்கிழமை சேலம் பஸ்ல வர்றேன், நேர்ல பேசலாம்.”