பலகை மேல் நின்று துடுப்பு போடலாமா?

"அய்யா, மகன் பெங்களூர்லேருந்து வந்திருக்கான். பலகை மேல நின்னுக்கிட்டே துடுப்பு போட்டு தீவைப் பார்த்துட்டு வருவோம்னு சொல்லுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இடுப்பு தாங்குமா?"

ஆறுமுகநேரியில் வைத்தியம் பார்க்கிற என்னிடம் இப்படிக் கேட்கிறவர்கள் இப்போது உண்டு. பதில் இதுதான்: பெரும்பாலான இடுப்புகள் தாங்கும். பலகையின் வடிவமும் அன்றைய காற்றும்தான் உங்களைக் கரை சேர்க்க வேண்டும்.

ஹவாய்த் தீவுகளிலிருந்து 2000-க்குப் பிறகு உலகெங்கும் பரவிய விளையாட்டு இது. ஸ்டாண்ட் அப் பேடில் என்பார்கள். நமக்கு ரொம்பப் புதிதும் இல்லை. கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்தவர்கள்தானே நம் மீனவர்கள்!

பலகையில் முக்கியமாக இரண்டு வடிவம். முதலாவது, மூக்கு உருண்டு, அடி தட்டையாக, சுமார் 10 அடி நீளமும் 32 அங்குல அகலமும் கொண்டது. கட்டுமரம் மாதிரி தண்ணீர் மேல் மிதந்து போகும். ஆடாது, வேகமும் வராது. இரண்டாவது, 12 அடிக்கு மேல் நீளம், கூர்மையான மூக்கு. வள்ளத்தின் முன்பக்கம் போலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும். தூரப் பயணத்துக்கு இதுதான் வசதி. ஆனால் அகலம் குறையக் குறைய ஆட்டம் கூடும். கணுக்காலும் தொடையும் சீக்கிரம் தளர்ந்துவிடும். பந்தயப் பலகை இன்னும் ஒடுக்கம். அது நமக்கு வேண்டாம்.

காற்றடைத்த பலகையும் கிடைக்கிறது. சுருட்டிக் காரில் வைத்துக்கொள்ளலாம், விழுந்தாலும் அடிபடாது. காற்று குறைந்தால் நடுவில் தொய்ந்து முதுகைப் படுத்தும். நாற்பது தாண்டியவர்களும், சற்றுப் பருமனானவர்களும் அகலப் பலகையிலேயே தொடங்குங்கள். முதலில் மண்டியிட்டு, பிறகு எழுந்து, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். கையால் மட்டும் இழுத்தால் மறுநாள் தோள் பிடித்துக்கொள்ளும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும்.

தலைசுற்றல், வலிப்பு, இதயநோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. எண்ணெய் முழுக்கு நாளன்று வெயில் ஆகாது என்பது சித்த மருத்துவ விதி. பாதத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் பலகை வழுக்கவும் செய்யும்.

இனி காற்று. நம் கரை கிழக்குப் பார்த்தது. ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையோரம் தண்ணீர் தட்டுப்போல அமைதியாகத் தெரியும். அதை நம்பிப் போனால், நிற்கிற உங்கள் உடம்பே பாய்மரமாகிவிடும்! திரும்பும்போதுதான் புரியும், எவ்வளவு வலித்தாலும் கரை நெருங்காது. அப்படிச் சிக்கினால் உடனே மண்டியிடுங்கள், அல்லது குப்புறப் படுத்துக் கையால் வலியுங்கள். பலகையை விட்டுவிட்டு நீந்தவே கூடாது. காலில் கட்டும் கயிறும் மிதவை ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்குவது முட்டாள்தனம்.

பழகுவதற்கு ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசை நல்லது. பாக் விரிகுடா ஓரம், ஆழம் குறைவு, சொல்லித்தர ஆளும் உண்டு. மன்னார் வளைகுடாவை ஆண் கடல், பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள். கச்சான் காலத்தில் இந்தப் பக்கம் கொந்தளிக்க, அந்தப் பக்கம் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் கதை மாறிவிடும்.

சரி, தீவு? தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை உள்ள 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வான் தீவு, காசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி நம் பக்கத்தவை. இவற்றில் விலாங்குச்சல்லி ஏற்கெனவே கடலில் மூழ்கிவிட்டது. வான் தீவு கரைவதைத் தடுக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகள் இறக்கியிருக்கிறார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. அனுமதியோடு போகிறவர்களும் நீண்ட பலகையில், பழகிய துணையோடு, பின்னால் ஒரு படகும் வர, விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அகலப் பலகைக்காரர்கள் கரையை ஒட்டியே சுற்றுங்கள். அதிலேயே உடம்புக்கு வேண்டிய பயிற்சி கிடைத்துவிடும்.

பவளப்பாறை காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு அவசியம். நீரிழிவுக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெட்டுப்பட்டதே தெரியாது. கரையேறியதும் விரலிடுக்குவரை பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், கடல்நீரிலேயே அலசுங்கள். திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கிளம்புமுன் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு குடித்துவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரைப் பலகையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.