உதைபந்தாட்டத்தில் இடனறிதல்

இவ்விழா மலருக்குத் தமிழாசிரியனாகிய யான் பழம்பாடல் ஒன்றன் நயத்தையோ இலக்கண விதி ஒன்றன் நுட்பத்தையோ விரித்து எழுதுவேன் என மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள்க. யான் எடுத்துக்கொண்ட பொருள் உதைபந்தாட்டம். நம் கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் பந்தின் பின்னே ஓடியவர்களுள் யானும் ஒருவன்; திறமையால் அன்று, ஆசையால். பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியனாய் இலுப்பைக்கடவைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே விளையாட்டுக்கென ஓர் ஆசிரியர் இல்லாத குறையை நிரப்புதற்பொருட்டு மாணவரின் உதைபந்தாட்ட அணியும் என் தலையில் ஏற்றப்பட்டது. அப்பொறுப்பில் யான் இழைத்த பிழை ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம்.

கோட்ட மட்டப் போட்டி ஒன்றில் எம் மாணவர் ஆடிக்கொண்டிருந்தனர். பின்காப்பில் நின்ற மாணவன் ஒருவன் மற்றவர்களைப் போல ஓடவில்லை. பந்து வலப்புறம் போனால் இரண்டடி வலப்புறம் நகர்வான். இடப்புறம் போனால் இரண்டடி இடப்புறம் நகர்வான். அவனுடைய மேனியில் வியர்வையும் அரும்பவில்லை. இடைவேளையில் அவனை எல்லார் முன்னிலையிலும் "சோம்பேறி" என்று கடிந்து வெளியே இருத்தினேன்; துடியாக ஓடும் இன்னொருவனை உள்ளே விட்டேன். முற்பாதியில் ஒரு கோலும் வாங்காத நாம் பிற்பாதியில் மூன்று வாங்கினோம். மூன்றும் அவன் நின்ற இடத்தின் ஊடாகவே புகுந்தன. அதனை அன்று யான் கண்டேனல்லேன். காற்றையும் மத்தியஸ்தரையும் நொந்துகொண்டு வீடு திரும்பினேன்.

நம் பிள்ளைகள் இடங்காத்தலை அறியாதவர் அல்லர். மணலிற் கோடு கீறி ஆடும் கிளித்தட்டிலே தன் கோட்டை விட்டு அப்பால் ஓடுபவன் உண்டோ? கிளி ஒருவனுக்கே நெடுக ஓடும் உரிமை உண்டு; ஏனையோர் தத்தம் கோட்டிலே இடமும் வலமும் அசைவரேயன்றி அதனை விட்டு விலகார். விலகினால் எதிராளி அவ்வழியே போய்விடுவான் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளைகளிடம் பந்து ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்; பதினொருவரும் கிளியாகி விடுகின்றனர்! மைதானத்தின் ஒரு மூலையிற் புழுதி எழும்பும். மற்றை மூன்று மூலைகளும் வெறிச்சோடிக் கிடக்கும்.

ஓர் அணியின் பலவீனம் எங்கே உளது என்று வினவினால், பெரும்பாலோர் ஒரு வீரனைச் சுட்டிக்காட்டுவர். இவன் மெலிந்தவன், அவன் வேகங் குறைந்தவன் என்பர். ஆயின் பலவீனம் பெரும்பாலும் வீரனிடத்தில் இருப்பதில்லை. இரு வீரருக்கு இடைப்பட்ட வெளியிலேயே இருக்கிறது. பண்டைத் தமிழ்ப் படையில் முன்செல்லும் அணிக்குத் தூசி என்றும் பின்வரும் அணிக்குக் கூழை என்றும் தனித்தனிப் பெயர் இருந்தது. தூசி முன்னேறிய வேகத்திற் கூழை தொடராவிடின் இடையே விழும் பிளவிற் பகைவன் புகுவான். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததன் காரணத்தை வகுப்பறையிற் பலமுறை விளக்கியிருக்கிறேன். வகுப்பறைக்கு வெளியே அதனை மறந்தவனும் யானே.

உதைபந்தாட்டத்தின் பழைய அணிவகுப்பு, கோல் காப்பாளர் நீங்கலாக, பின்னே இருவர், இடையே மூவர், முன்னே ஐவர் என்றமைந்தது. நம் ஊர்களிற் புல்பாக், ஹாவ்பாக், போவேட் என வழங்கும் பெயர்கள் எல்லாம் அவ்வகுப்பின் வழிவந்தவையே. முன்னே நிற்கும் வீரனுக்குப் பந்து அனுப்பப்படும் கணத்தில் அவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவராவது நிற்றல் வேண்டும் என்று அக்காலத்தில் விதி இருந்தது. 1925ஆம் ஆண்டில் அது இருவர் என மாற்றப்பட்டது. விதியில் ஓர் எண் குறைந்தது, விளைவோ பெரிது. நடு முன்னணி வீரன் முன்னையினும் ஆழமாகச் சென்று நிற்கலாயினான். அவனைத் தடுக்க இரு பின்காப்பாளரும் நடுவே ஒடுங்கினாற் பக்கங்கள் திறந்துவிடும். பக்கங்களைக் காத்தால் நடு திறந்துவிடும். இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தை நடத்திய ஹேர்பேட் சப்மன், இடையணியின் நடுவே நின்றவரைப் பின்னே இழுத்து இரு பின்காப்பாளருக்கும் நடுவில் நிறுத்தி அவ்வாயிலை அடைத்தார். மூன்றாம் பின்காப்பாளர் தோன்றிய வரலாறு இதுவே.

இனி ஒரு நாட்டின் அணியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். யான் எடுத்துக்கொள்வது 1948 முதல் 1962 வரையிலான இந்திய அணி. நம் அயல்நாடு என்பது ஒரு காரணம். ஓர் அணியின் ஓட்டைகளும் அவை அடைக்கப்பட்ட முறையும் அத்துணைத் தெளிவாகப் புலப்படும் வரலாறு வேறு எளிதிற் கிடையாது என்பது மற்றொன்று.

1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சுடன் ஆடி 1–2 எனத் தோற்றது. வீரரிற் பலர் வெறுங்காலுடன் ஆடினர். இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன். கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாகாதிருந்தால் ஆட்டத்தின் முடிவே மாறியிருக்கும். அதன்பின் 1951இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் ஆடிய கொழும்புக் கிண்ணப் போட்டி 1952 தொடக்கம் 1955 வரை நான்கு முறை நடந்தது. முதன்முறை கொழும்பிலே பாக்கிஸ்தானுடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்ட இந்தியா, மற்றை மூன்று முறையும் தனித்தே வென்றது. அயலாரோடு ஆடும்வரை ஓட்டை வெளிப்படவில்லை. நீர் வராத வாய்க்காலிற் கரையின் உடைவு எவ்வாறு தெரியும்?

நீர் 1952 ஜூலையிற் பெருகி வந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா இந்தியாவை 10–1 எனத் தோற்கடித்தது. பிராங்கோ செபெக் என்பவர் தனியே நான்கு கோல் அடித்தார். அகமது கான் அடித்த ஒரு கோலே இந்தியாவுக்கு ஆறுதல். இத்தோல்விக்குக் காரணம் வெறுங்காலே என்று அன்று பலரும் முடிவு கட்டினர். குளிர்ந்த நாட்டிற் சப்பாத்தின்றி ஆடியது பெருங்குறையே. அதன்பின் இந்திய வீரர் சப்பாத்து அணிதல் கட்டாயமாயிற்று. ஆயின் ஈண்டு ஒன்று வினவுதல் வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்சிடம் ஒரே கோலாற் தோற்ற அணி, பத்துக் கோல் வாங்கியதற்குக் கால் மாத்திரமா காரணம்? இந்தியக் கழகங்களில் அக்காலத்திற் பெரிதும் வழங்கியது இருவரே பின்னே நிற்கும் பழைய முறை. ஐரோப்பிய அணியினர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாயிலை எவ்வாறு திறப்பது, எவ்வாறு அடைப்பது என்று பயின்றவர்கள். காலுக்குச் சப்பாத்தைக் கடையில் வாங்கலாம்; நிற்கும் இடத்தை வாங்க இயலாது. எளிதில் தீரும் குறையைப் பெரிதாகப் பேசி, அரிதில் தீரும் குறையை மறைப்பது மனித இயல்பு போலும்.

இவ்விடத்தில் ஹங்கேரியைப் பற்றியும் கூறாது செல்லல் தகாது. 1953 நவம்பர் 25ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என வென்றது. ஹங்கேரியின் நடு முன்னணி வீரர் ஹிடெக்குட்டி முன்னே நில்லாது பின்வாங்கி நின்றார். அவரைக் காக்க வேண்டிய ஆங்கில வீரர் ஜொன்ஸ்ரன் இருதலைக்கொள்ளி எறும்பானார். அவரைப் பின்தொடர்ந்தால் தம் இடம் வெறுமையாகும். தம் இடத்தில் நின்றால் அவர் தடையின்றி ஆடுவார். ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார். எனவே இடங்காத்தல் என்பது மரம்போல் நிற்றல் அன்று; எப்பொழுது விட்டு நீங்கலாம், நீங்கினால் அவ்விடத்துக்கு வருபவன் யார் என்பதையும் அறிந்து நிற்றல் ஆகும்.

இவற்றையெல்லாம் கூர்ந்து கற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் றஹீம். 1909இற் பிறந்த இவர் பள்ளி ஆசிரியராயிருந்து பயிற்றுநரானவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப்பற்று உண்டு; அதனை மறைக்கவில்லை. முன்னணி வீரர் ஒருவரைப் பின்னிழுத்து நிறுத்தும் ஏற்பாட்டை இந்திய அணியிற் புகுத்தியவர் அவரே என்பர்.

1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிர்ப்பட்டது பழைய பகையாகிய யூகோசிலாவியாவே. இடைவேளை வரை இருபுறமும் கோல் இல்லை. 52ஆம் நிமிடத்தில் டிசூசா கோல் அடிக்க இந்தியா முந்தியது. அதன்பின் பதின்மூன்று நிமிடங்களுள் யூகோசிலாவியா மூன்று கோல் அடித்தது, முடிவு 4–1. இந்தியாவின் உள்நாட்டு ஆட்டங்கள் அக்காலத்தில் 70 நிமிடங்களே ஆடப்பட்டமையால் வீரர் களைத்தனர் என்று கூறுவார் உளர். அக்காரணம் 78ஆம் நிமிடத்தில் விழுந்த நான்காவது கோலுக்குப் பொருந்தலாம். 54ஆம் நிமிடத்துக் கோலுக்குப் பொருந்தாது. முந்திவிட்ட மகிழ்ச்சியில் அணி தன் வகுப்பு நெகிழ விட்டது என்பதே என் கருத்து. கோல் அடித்தவுடன் வரும் ஐந்து நிமிடங்களே கோல் வாங்குதற்கு ஏற்ற வேளை என்பதை எம் மாணவரின் ஆட்டத்திலும் கண்டிருக்கிறேன்.

எனினும் 10–1 இலிருந்து 4–1க்கு வந்தது சிறு தூரம் அன்று. 1960இல் றோமில் ஹங்கேரியிடம் 1–2 எனத் தோற்று, பிரான்சுடன் 1–1 எனச் சமமாய் முடித்து, பெருவிடம் 1–3 எனத் தோற்றது இந்தியா. அடுத்தது 1962, ஜகார்த்தா.

அவ்வாசிய விளையாட்டு விழாவின் முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில் தாய்லாந்தை 4–1 என வென்றபோது, அணியின் நடுக்காப்பாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் இடப்பட்டது. அவரின்றியே ஜப்பானை 2–0 என வென்றனர். அரையிறுதிக்கு அவர் வேண்டும். ஆயின் உயர்ந்து வரும் பந்தைத் தலையால் மோதித் தள்ளுவதே நடுக்காப்பாளனின் நாளாந்தத் தொழில். றஹீம் அவரை நடு முன்னணியில் நிறுத்தினார்!

இதன் நுட்பத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பின்காப்பில் நிற்பவனுக்குப் பந்து வரும் நேரத்தையும் உயரத்தையும் முடிவு செய்பவன் எதிராளி. காயம்பட்டவனாயினும் வருவதை ஏற்றே ஆகவேண்டும். தவிர்த்தாற் கோல் விழும். முன்னணியில் நிற்பவனுக்கோ தெரிவு அவனுடையது. எந்தப் பந்தைத் தலையால் ஏற்பது, எதை விடுவது என அவனே முடிவு செய்யலாம். விட்டால் ஒரு வாய்ப்புப் போகுமேயன்றி ஆட்டம் போகாது. வலிமை மிக்க உடலும் அஞ்சா நெஞ்சும் கொண்ட ஒருவன் முன்னே நின்றால் எதிரணியின் பின்காப்பாளர் இருவராவது அவன்மேற் கண்ணாயிருப்பர். ஏனைய முன்னணியினருக்கு வெளி கிடைக்கும். அவர் விட்டுச்சென்ற நடுக்காப்பை அருண் கோஷ் ஏற்றார். ஓர் இடத்தை வெறுமையாக்கிவிட்டு இன்னோர் இடத்தை நிரப்பும் அவசரம் அங்கே இல்லை.

அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என வென்றபோது ஜர்னைல் கோல் அடித்தார். செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலும் தாய்வானும் விழாவிற் பங்குபற்ற இயலாது போனதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்தமையால் மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியருக்கு எதிராகவே ஆரவாரித்தது. கோலைக் காத்தவர் காய்ச்சலில் இருந்து எழுந்துவந்த பீற்றர் தங்கராஜ். அவரும் இடம் மாறியவரே. இளமையில் நடு முன்னணி வீரராய் ஆடத் தொடங்கிப் பின் கோல் காப்பாளரானவர். 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி, 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல். கொரியா ஒரு கோலைத் திருப்பியது, 2–1. சில நாட்களுக்கு முன் இரு கோலாற் தோற்ற அதே எதிராளியிடம் பெற்ற வெற்றி இது. வீரர் பெரும்பாலும் அவர்களே. நின்ற இடங்களே வேறு. புற்றுநோயுடன் அவ்வணியை நடத்திய றஹீம் அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள் காலமானார். 1960இன் பின் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்கில் ஆடியதில்லை.

இவ்வரலாற்றை யான் முறையாகப் படித்தது அக்கோட்ட மட்டப் போட்டி முடிந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே. ஹிடெக்குட்டியைப் பற்றிப் படித்த இரவில், ஓடாமல் இரண்டடி நகர்ந்து நின்ற அம்மாணவன் நினைவுக்கு வந்தான். உறக்கம் வரவில்லை. அவ்வணியிற் தன் இடத்தை அறிந்து நின்றவன் அவன் ஒருவனே.

இப்பொழுது எம் மாணவருக்குப் பந்தை முதலிற் கொடுப்பதில்லை. மைதானத்திற் சுண்ணாம்பினாற் கிளித்தட்டுப் போலக் கோடுகள் இடுகிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யான் இடமும் வலமுமாக நடக்க, அவர்கள் தம் கோட்டை விடாமலும் இருவருக்கிடையே பத்து அடிக்கு மேல் வெளி விடாமலும் நகர்தல் வேண்டும். ஒருவன் கோட்டை விட்டு முன்னே போனால் அடுத்தவன் உடனே அவ்வெளியை அடைத்தல் வேண்டும். முதற் கிழமை சலிப்படைந்து முணுமுணுப்பர், "எப்ப சேர் பந்து தருவீங்கள்?" என்பர். இரண்டாங் கிழமை யான் கூறாமலே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து இடத்தை நிரப்பத் தொடங்குவர். அதன்பின்னரே பந்து நிலத்தில் வைக்கப்படும். கிண்ணம் ஒன்றும் இன்னும் வென்றோமில்லை. சென்ற முறை ஒரு கோலாற் தோற்றோம்.

அம்மாணவன் படிப்பை முடித்து இப்பொழுது தகப்பனுடன் கடற்றொழிலுக்குப் போகிறான். சென்ற ஆண்டு கடற்கரையில் வலை தெரிந்துகொண்டிருந்தவனிடம் போய், அன்று யான் சொன்னது பிழை என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் வலையையே பார்த்திருந்தான். பின், "எனக்குத் தெரியும் சேர். ஆனா நீங்கள் வந்து சொல்லுவீங்கள் எண்டு நினைக்கேல்லை" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எம் மாணவரின் பயிற்சிக்கு வருகிறான். பின்காப்பாளருக்குக் கோடு இடுபவன் இப்பொழுது அவனே.